சிரிப்பைப் பொருளுக்குள் வையுங்கள்

கேள்வி இதுதான். கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களைச் சேர்ந்த, சிற்பம் படிக்கும் ஆறு மாணவர்கள் வரும் தை மாதம் தங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். டெல்டாவின் இன்றைய நிலைமையைக் கேள்வி கேட்கிற, அதே நேரம் சிரிப்பு வரவழைக்கிற கருத்துச் சிற்பங்கள் (அழகைவிட எண்ணத்தை முன்னால் வைப்பவை) செய்ய ஆசை. ஊரார் சிரித்துவிட்டு அப்படியே போய்விடுவார்களோ, அல்லது "இதெல்லாம் ஒரு சிலையா" என்று முகம் சுளிப்பார்களோ என்று தயக்கம். எதிலிருந்து தொடங்கலாம், எதை எப்படிச் செய்யலாம்?

நல்ல கேள்வி. கையில் எடுத்துச் செய்யும் அளவுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த வகைச் சிற்பத்தில் நகைச்சுவை முகத்தில் இருந்தால் நிற்காது, பக்கத்தில் மாட்டும் அட்டையில் இருந்தாலும் நிற்காது. பொருள் எப்படி நடந்துகொள்கிறதோ அதில் இருக்க வேண்டும். தொப்பை பெருத்த தலைவரைக் காகிதக் கூழில் செய்து, கையில் பணமூட்டை கொடுத்து நிறுத்தினால் அது வார இதழ்க் கேலிச்சித்திரத்துக்குக் கனம் கொடுத்தது போலத்தான். பார்த்த மாத்திரத்தில் தீர்ந்துபோகும். தொட்டவுடன் அசைகிற, அளந்தால் குறைகிற, ஊதினால் மறுபடி பழைய இடத்துக்கே திரும்புகிற பொருள் வேறு வகை. அதில் பார்ப்பவரின் கைக்கும் வேலை இருக்கிறது. சிரித்த பிறகுதான் தான் எதற்குச் சிரித்தோம் என்று அவர் யோசிப்பார்.

மேலைநாட்டு முன்மாதிரிகளைப் பார்க்கும்போதும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1917-இல் நியூயார்க்கில் ஒரு சிறுநீர்க் கோப்பையை 'நீரூற்று' என்று பெயரிட்டு, 'ஆர். மட்' என்று பொய்ப்பெயரில் கையெழுத்திட்டு ஒரு கலைஞர் சங்கத்தின் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எவர் படைப்பையும் தேர்வுக்குழு இல்லாமல் வைப்போம் என்று அறிவித்த சங்கம் அது. கோப்பை வந்ததும் அந்தச் சங்கமே அதைக் கண்காட்சியில் வைக்காமல் மறைத்தது. கோப்பை வெறும் கழிப்பறைச் சாமான். சங்கத்தின் சொந்த விதியை அது சோதித்துப் பார்த்ததுதான் நகைச்சுவை. இத்தாலியக் கலைஞர் பியரோ மன்சோனி 1961-இல் 90 தகர டப்பாக்களை மூடி, ஒவ்வொன்றிலும் 30 கிராம் கலைஞனின் மலம் என்று அச்சிட்டு, அன்றைய தங்க விலைக்கு எடைக்கு எடை விற்பதாக அறிவித்தார். எடையும் விலையும் துல்லியமாக இருப்பதால்தான் அது இன்னும் குத்துகிறது.

இன்னொரு இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தெலான் 2019 டிசம்பரில் மயாமியில் சுவரில் வாழைப்பழத்தை நாடாவால் ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்றது உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதன் ஒரு பிரதி 2024 நவம்பரில் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பழத்தைச் சாப்பிட்டார். தயவுசெய்து இதைப் பின்பற்றி எதுவும் செய்யாதீர்கள். அந்த வேடிக்கை முழுக்கக் கலைச் சந்தையின் விலையைப் பற்றியது. நம் ஊரில் அந்தச் சந்தையே இல்லை. திருவையாற்றுப் பக்கம் வாழைத்தார் விலை சரிந்து தவிக்கிற ஒருவர் வந்து பார்த்தால், பழத்தை வீணாக்கியது மட்டும்தான் அவர் கண்ணில் படும். அவர் பார்வை சரியானதுதான்.

நமக்கு நெருக்கமான முன்மாதிரிகள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயிலில், ரிஷப குஞ்சரம் இருக்கிறது. ஒரே தலை, இரண்டு உடல். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. வருகிறவர்கள் எல்லோரும் தாங்களே கையை வைத்து மறைத்துப் பார்க்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பி பார்ப்பவரின் கையையும் சிற்பத்தில் சேர்த்துவிட்டார். அடுத்தது பொய்க்கால் குதிரை. ஆடுபவர் இடுப்பில் குதிரைக்கூடு, ராஜா ராணி வேடம். குதிரைக்குக் கால் கிடையாது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் குதிரைவீரன் சிலைக்காகக் கட்டிய நான்காவது பீடம் பணமில்லாமல் நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. அதன்மேல் 2012-இல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் ஆடும் மரக்குதிரையில் உட்கார்ந்த ஒரு சிறுவனை வெண்கலத்தில் வைத்தார்கள், நான்கு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். போரில் வென்றவர்களின் சதுக்கத்தில் பொம்மைக் குதிரை! பொய்க்கால் குதிரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போராட்டங்களையும் மறக்க வேண்டாம். 2017-இல் தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளை வைத்துக்கொண்டும் எலியை வாயில் கவ்விக்கொண்டும் உட்கார்ந்தார்கள். ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தால் அது பேசும் என்பது உழவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுக்குப் பாடம் எடுக்கும் தோரணையில் எதையும் செய்யாதீர்கள்.

இனி செய்முறை. மூன்று யோசனைகள் சொல்கிறேன். முதலாவதில் நிறைய நேரம் செலவிடுவேன், ஏனென்றால் அதில்தான் கணக்கு அதிகம், தவறும் அதிகம்.

முதலாவது, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நாற்காலியாக மாற்றுவது. 'தலையாட்டி பொம்மை' என்ற வசவு நம் பேச்சில் ஏற்கெனவே உண்டு, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுபவருக்கு. ராஜா ராணி உருவத்துக்குப் பதில், அரைக்கோள அடிப்பாகத்தின் மேல் முதுகில் வெள்ளைத் துண்டு போட்ட அதிகாரியின் நாற்காலி. யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இருக்கையில் சிவப்பு நாடா கட்டிய கோப்புக்கட்டு. தலைப்பு 'குறைதீர் நாள்'. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போய் வந்த எவரும் தலைப்பைப் படிப்பதற்கு முன்பே புரிந்துகொள்வார். தள்ளினால் நன்றாகத் தலையாட்டும், பிறகு இருந்த இடத்துக்கே வந்து நிற்கும்.

அரைக்கோளத்தின் ஆரம் 30 செ.மீ. என்று வையுங்கள். அரைக்கோளத்தின் வட்ட மையம், அதாவது மேல்மூடியின் நடுப்புள்ளி, அதுதான் கணக்கின் அச்சு. அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் அதன் உயரத்தால் பெருக்குங்கள். கீழே இருப்பதை ஆழத்தால் பெருக்குங்கள். கீழ்த்தொகை மேல்தொகையைவிட அதிகமாக இருந்தால் பொம்மை நிமிரும். இரண்டு மடங்காவது இருந்தால்தான் தெம்பாக நிமிரும். மர நாற்காலி 7 கிலோ, அதன் எடைமையம் சுமார் 45 செ.மீ. உயரத்தில், ஆக 315. கோப்புக்கட்டைக் காகிதக் கூழில் உள்ளே வெறுமையாகச் செய்தால் ஒன்றரைக் கிலோ, 60 செ.மீ. உயரத்தில் 90. மேலே மொத்தம் 405. கீழே, அரைக்கோளத்தின் வெளியோட்டினை ஒரு செ.மீ. கனத்தில் கம்பிவலைச் சிமெண்டில் செய்தால் பதிமூன்றரைக் கிலோ வரும், அதன் எடைமையம் 15 செ.மீ. ஆழத்தில், சுமார் 203. ஓட்டுக்குள் அடியில் 12 செ.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் ஊற்றினால் 28 கிலோ, எடைமையம் 22 செ.மீ. ஆழத்தில், 616. கீழே மொத்தம் 819. சரியாக இரண்டு மடங்கு. முழு அரைக்கோளத்தையும் கான்கிரீட்டால் நிரப்பிவிட வேண்டாம். 135 கிலோ ஆகிவிடும், நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமம். ஆட்டமும் விறைப்பாகி வேடிக்கை போய்விடும்.

ஓடு வார்க்க: களத்துமேடு மாதிரி மேடான இடத்தில் குழி தோண்டுங்கள். தாழ்ந்த இடமென்றால் டெல்டாவில் ஒரு அடி தோண்டும் முன்பே ஈரம் ஊறும். குழி நடுவில் ஒரு இரும்புக் குழாயைத் தூக்குநூல் பார்த்துச் செங்குத்தாக அடித்து, 30 செ.மீ. ஆரத்துக்குக் கால்வட்டமாக அறுத்த பிளைவுட் பலகையை அதில் கோத்துச் சுழற்றினால் குழி உருண்டையாகச் சீவப்படும். களிமண் பூசி மறுபடி சுழற்றி வழவழப்பாக்குங்கள். குழாயை உருவிவிட்டு அந்த ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து விரலால் தடவிச் சரிசெய்யுங்கள். பொம்மை நிற்கப்போவது அந்தப் புள்ளியில்தான். அங்கே கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையாக இருந்தாலும் ஆட்டம் சட்டென்று நின்றுவிடும், தாலாட்டு போலத் தணியாது. பிறகு சோப்புக் கரைசல் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல் கலந்து, இரண்டு அடுக்குக் கோழிவலை வைத்துப் பூசுங்கள். ஈரச்சாக்கு போட்டுப் பத்து நாளாவது ஆறவிடுங்கள்.

கான்கிரீட்டுக்கு சிமெண்டு 4 கிலோ, மணல் 8, அரை இஞ்சு ஜல்லி 16. தண்ணீர் இரண்டு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ஊற்றும் முன் ஓட்டின் உட்புறத்தில் வலைக்கம்பியை வளைத்து ஐந்தாறு கொக்கிகள் நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஆடிய ஆட்டத்தில் கான்கிரீட் ஓட்டிலிருந்து விடுபட்டு உள்ளே கடகடவென்று உருளும். பலரும் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

மேல்மூடி 12 மி.மீ. பிளைவுட். அதில் நாற்காலிக் கால்களுக்கு நான்கு போல்ட் துளைகளை வட்டமாகப் போடாமல், முன்பின் நகர்த்தும்படி 6 செ.மீ. நீளக் காடியாகப் போடுங்கள். நாற்காலியின் முதுகுப்பலகை காரணமாக அதன் எடைமையம் பின்னால் இருக்கும். 4 செ.மீ. பின்னால் இருந்தாலே முழு உருவமும் கிட்டத்தட்ட நான்கு பாகை பின்சாயும். முதலில் ரசமட்டம் வைத்து நேராக்குங்கள், பிறகு வேண்டுமென்றே நாற்காலியை அரை அரை செ.மீ.யாகப் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். நான்கு பாகைச் சாய்வில் அந்த நாற்காலிக்கு ஒரு அதிகாரத் தோரணை வந்துவிடும், யாரோ உட்கார்ந்து சாய்ந்து கேட்பது போல. எட்டு பாகை போனால் உடைந்த சாமான் மாதிரி தெரியும். இந்த நான்கு பாகைக்காக ஒரு நாள் முழுக்கச் செலவிட்டாலும் தகும்.

துண்டு நல்ல கனமான டர்க்கி டவலாக இருக்கட்டும். மேல்விளிம்பை மட்டும் தைத்து, கீழ்விளிம்பைத் தொங்கவிடுங்கள். நாற்காலி நின்ற பிறகும் துண்டு ஒரு நொடி ஆடும். சின்னஞ்சிறு விஷயம், ஆனால் பெரும்பாலானவர்கள் சிரிக்கப்போவது அந்த நொடியில்தான்.

கோப்புக்கட்டை இருக்கையில் திருகாணியால் இறுக்கிவிடுங்கள், அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு குழந்தை ஏறி உட்காரும். 20 கிலோ எடை 50 செ.மீ. உயரத்தில் என்றால் ஆயிரம்; கீழே உள்ள 819-ஐ அதுவே தாண்டிவிடும், எல்லாம் சேர்ந்து கவிழும். கோப்பு இருந்தாலும் முதுகுப்பலகையில் தொங்கும் பிள்ளைகள் உண்டு, ஆகவே எப்போதும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மொத்த எடை 52 கிலோ. உருளும் அடியில் கால்விரல் மாட்டினால் நசுங்கும். ஒன்றரை மீட்டர் விட்டத்தில், ஒரு சாண் உயரத்தில் கெட்டியான மேடை போட்டு அதன்மேல் வையுங்கள், ஓரத்தில் இரண்டு விரல் உயர விளிம்பு இருக்கட்டும். மேடையில் 3 மி.மீ. ரப்பர் விரிப்பு போட்டால் வழுக்கி ஊர்ந்து போகாது. மண்தரையில் வைத்தால் ஆடவே ஆடாது.

காகிதக் கூழுக்குப் புளியங்கொட்டைப் பசையில் மயில்துத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. மயில்துத்தம் நஞ்சு, கலக்கும்போது கையுறை போடுங்கள். ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தை உள்ளே வைத்து வண்ணம் பூசினால் ஐப்பசி மழையில் கொப்புளமாக எழும்பும்.

இரண்டாவது யோசனை சின்னது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இரண்டு மரக்கால், நெல் அளக்கும் பழைய அளவைப் பாத்திரம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றே: அதே உயரம், அதே பித்தளைப் பட்டை, அதே பழைய பளபளப்பு. ஒன்றின் மேல் 'வாங்க', மற்றதன் மேல் 'கொடுக்க' என்று மட்டும் பொறித்திருக்கும். 'கொடுக்க' மரக்காலின் அடித்தட்டு உள்ளே உயர்ந்திருக்கும். பார்ப்பவர் ஒன்றில் நிரப்பிய நெல்லை மற்றதில் கொட்டும்போது நெல் வழியும், அல்லது வாய்வரை வராமல் குறையும். பண்ணையில் வாங்க ஒரு அளவு, கூலி கொடுக்க ஒரு அளவு என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. உள்விட்டம் 16 செ.மீ., ஆழம் 20 செ.மீ. என்றால் கொள்ளளவு நான்கு லிட்டர். அடித்தட்டை 2 செ.மீ. உயர்த்தினால் பத்தில் ஒரு பங்கு குறையும், போதுமென்று தோன்றும். போதாது. நெல்லைக் குவித்து அளந்தால் வாய்க்கு மேல் கூம்பாக நிற்கும் நெல் மட்டும் சுமார் 375 மி.லி. இருக்கும். நீங்கள் ஒளித்துவைத்த குறைவை அந்தக் கூம்பே விழுங்கிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே அடித்தட்டை 4 செ.மீ. உயர்த்துங்கள், ஐந்தில் ஒரு பங்கு குறையட்டும். கூடவே குவியலை வாய்மட்டத்துக்கு வழித்துவிடும் ஒரு தலைதட்டும் கோலையும் சங்கிலியில் கட்டி வைத்துவிடுங்கள். தலைதட்டி அளக்கும்போது மோசடி அப்பட்டமாகத் தெரியும். தட்டாமல் குவிக்கிறவருக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியாது, அதுவும் உண்மைதான். அடித்தட்டைச் சுற்றிலும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். இடைவெளி இருந்தால் நெல் இடுக்கில் புகுந்து, தட்டினால் கலகலவென்று சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். எடை வித்தியாசமும் தெரியக் கூடாது. கூடுதல் தட்டின் எடைக்கு ஈடாக 'வாங்க' மரக்காலின் அடியில் வெளிப்பக்கமாக ஒரு பட்டை சேர்த்துவிடுங்கள்.

நெல்லை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, தூற்றிச் சுணையும் தூசும் போக்கிய பிறகே வையுங்கள். இது சில்லறைக் கவலை என்று விட்டுவிடாதீர்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் பீங்கானில் கையால் செய்த பத்து கோடிச் சூரியகாந்தி விதைகளைக் கொட்டி, மக்கள் அதன்மேல் நடக்கலாம் என்று திறந்தார். மிதிபட்டுக் கிளம்பிய பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று சில நாளிலேயே கயிறு கட்டிவிட்டார்கள். மக்கள் தொட வேண்டும் என்று செய்கிற படைப்பில், தொட்டால் என்ன கிளம்பும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இரவில் மரக்கால்களைத் தகரப் பெட்டியில் வைத்து மூடுங்கள், எலி வரும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரக்கால் என்றவுடன் நாகப்பட்டினம் பக்கம் கீழ்வெண்மணி நினைவுக்கு வரும். நெற்கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவை நகைச்சுவையின் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம். அளவையின் மோசடியைப் பார்த்துச் சிரிக்கலாம். அளக்கப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. உங்கள் எந்தப் படைப்பானாலும், கூலிக்காரர், நாற்று நடும் பெண்கள், மனுவோடு நிற்பவர் இவர்கள் யாராவது சிரிப்புக்கு ஆளாகிறார்களா என்று பாருங்கள். ஆளானால் அதை அப்படியே கலைத்துவிடுங்கள்.

மூன்றாவது, சுவாமிமலை வார்ப்பில் (மெழுகில் உருவம் செய்து, மண் அச்சு எடுத்து, உலோகம் ஊற்றும் முறை) ஓர் ஈரப்பத மானி. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-ஐத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது விதி. மழை பெய்த பருவங்களில் தளர்வு கேட்டு மாநிலம் எழுதும், மத்தியக் குழு மாதிரி எடுக்க வரும், அதற்குள் சாலையோரக் குவியலில் நெல் முளைவிட்டிருக்கும். அந்தச் சிறு பெட்டியின் முன்னால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு கைகட்டி நிற்கிறது. அதையே பஞ்சலோகத்தில் வார்த்து, பத்ர பீடத்தில் (தாமரை இதழ் இல்லாத நாற்கோணப் பீடம்) வைத்து, பின்னால் திருவாசி என்ற சுடர்வளையம் போடுங்கள். திருவாசியில் 17 சுடர்: உச்சியில் ஒன்று, பக்கத்துக்கு எட்டு. தலைப்பு '17'. உழவர் வீட்டுப் பிள்ளை சுடரை எண்ணும்போதே சிரித்துவிடும். வெளியூர்க்காரர் "ஏன் 17" என்று கேட்பார், பக்கத்தில் நிற்பவர் விளக்குவார். அந்தப் பேச்சும் சிற்பத்தின் ஒரு பகுதி.

கர்நாடகத்தைச் சேர்ந்த சிற்பி எல்.என். தல்லூர் 2011-இல் செய்த 'யூனிகோடு' இதற்கு ஒரு நல்ல துணை. நடராசரின் சுடர்வளையம் அப்படியே இருக்கும். ஆடும் உருவம் இருக்க வேண்டிய நடுவில் காசுகள் பதித்த கான்கிரீட் உருண்டை இருக்கும். நாம் எதை நடுவில் வைத்துக் கும்பிடுகிறோம் என்று அது கேட்கிறது. இங்கே ஓர் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பு மானியின் மேல் விழ வேண்டும், தெய்வத்தின் மேல் விழக் கூடாது. அதனால்தான் தாமரைப் பீடம் வேண்டாம், பத்ர பீடம் போதும் என்கிறேன். கை, ஆயுதம், முத்திரை எதுவும் சேர்க்காதீர்கள். ஸ்தபதியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து சொல்லுங்கள். அவர் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

வார்ப்பில் பெரிய சிக்கல் இந்தப் பெட்டி வடிவம்தான். தெய்வ உருவங்களில் எங்கும் வளைவு, அதனால் உள்ளே நிறைந்த கன வார்ப்பு நன்றாக வரும். தட்டையான பக்கங்கள் உள்ள கனமான பெட்டி ஆறும்போது முகத்தின் நடுவில் உள்வாங்கிக் குழியும், ஏனென்றால் ஓரம் முதலில் இறுகி, நடு கடைசியில் சுருங்கும். ஆகவே உள்ளே வெறுமையான பொள்ளல் வார்ப்பாகச் செய்யுங்கள். உள்ளே களிமண் கரு, அதன்மேல் 5 மி.மீ. மெழுகு, கரு நகராமல் இருக்க நான்கு பக்கமும் இரும்பு ஆணி. 12 செ.மீ. உயர மானிக்கும் பீடத்துக்கும் மெழுகு அரைக் கிலோவுக்குள் அடங்கும். உலோகம் மெழுகைப்போல் ஒன்பது மடங்கு கனம், ஆக நாலரைக் கிலோ. உலோகம் ஓடும் ஓடைகளுக்கும் ஊற்றும் வாய்க்கும் ஒன்றரைக் கிலோ சேர்த்து ஆறு கிலோ உருக்க வேண்டும். ஊற்றும்போது நடுவில் உலோகம் தீர்ந்துபோனால் மறுபடி ஊற்றினாலும் ஒட்டாது, எல்லாம் முதலிலிருந்துதான். திருவாசியைத் தனியாக வார்த்து, பீடத்தின் காதுகளில் செருகுங்கள். சுடர்நுனி 4 மி.மீ.க்கு மெலிந்தால் உலோகம் நுனிவரை ஓடாமல் மொட்டையாக நிற்கும். 17-இல் ஒன்று மொட்டையானால் படைப்பே போச்சு.

முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலோடு அரைத்த உமிக்கரி, மெழுகின் ஒவ்வொரு கீறலிலும் புகும்படி தூரிகையால். அதன்மேல் மணல் கலந்த மண் இரண்டு பூச்சு, இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில்தான் உலர வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். வறட்டித் தணலில் மெழுகு முழுக்க வெளியேறி, அச்சு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்ற வேண்டும். அச்சில் ஈரம் தங்கியிருந்தால் ஆவி உலோகத்தைத் திருப்பி அடிக்கும், முகத்துக்கே ஆபத்து. அந்த வேலையை ஸ்தபதியும் அவர் ஆட்களுமே செய்யட்டும், நீங்கள் எட்ட நின்று பாருங்கள். எண்களை மெழுகில் செதுக்காதீர்கள். வார்த்த பிறகு உளியால் ஒன்றரை மி.மீ. ஆழத்துக்கு வெட்டினால்தான் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

தையில் கண்காட்சி என்றால் ஆடிக்குள் மெழுகு வேலையும் காகிதக் கூழும் தொடங்கியாக வேண்டும். புரட்டாசிக்குள் வார்ப்பும் வண்ணமும் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகையை எதையும் உலர்த்தும் மாதமாக நம்பாதீர்கள்.

அட்டையில் தலைப்பு, பொருள், ஆண்டு மட்டும். விளக்கம் எழுதினீர்களென்றால் மக்கள் அட்டையைப் படித்துவிட்டுப் பொருளைத் தொடாமல் போவார்கள். அட்டையை நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டாமல் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், முதலில் கை போகட்டும். எந்த அதிகாரியின், தலைவரின் பெயரோ சாயலோ வேண்டாம். நீங்கள் பேசுவது ஒரு நாற்காலியைப் பற்றி. ஆள் மாறினாலும் நாற்காலி அதேதான். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் அனுமதியை எழுத்தில் வாங்கி, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரே அறையில் அடைக்காதீர்கள். மானி உள்ளே, மங்கிய வெளிச்சத்தில், பிரகாரத்தில் நின்று பார்ப்பது போல ஒரு பத்தடி நடந்து சேரும் தூரத்தில். மரக்கால் வராந்தாவில் முறத்தோடு, உட்கார்ந்து அளக்கும்படி தரையில். நாற்காலி வாசலில், எல்லோரும் பார்க்கும் இடத்தில். முதல் ஆள் தயங்குவார். தள்ளலாம் என்பது தெரியாது. "தொடாதீர்" என்ற பலகைக்குப் பழகிய கை அது. எழுதி வைக்காதீர்கள், உங்களில் ஒருவர் போகிறபோக்கில் தட்டிவிட்டுப் போனால் போதும்.

ஏற்றி இறக்கும்போது நாற்காலியைப் போல்ட் கழற்றித் தனியாக எடுங்கள். அடிப்பாகத்தைக் குட்டியானை வண்டியில் பழைய லாரி டயருக்குள் உட்காரவைத்து நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள். வெறும் தளத்தில் வைத்தால் முதல் வேகத்தடையிலேயே உருண்டு ஓட்டில் விரிசல் விழும். திருவாசியைக் கழற்றி வைக்கோலில் சுற்றுங்கள். மரக்காலில் இருந்த நெல் பத்து நாளாக நூறு கைபட்டது, அதைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.